ஒரு நாளும் விடுபடாத ஓடை

டீயை முதலில் குடித்துவிடுங்கள் அம்மா. ஆடை படிந்துவிட்டால் உதட்டில் ஒட்டும். நான் எங்கும் போகப்போவதில்லை. நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், கேட்க விட்டுப்போனதையும் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள். வரிசை கலைந்தால் எனக்குப் பேச்சு வராது.

பாண்டீஸ்வரி என்பது என் பெயர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூல் சுற்றிய கோன்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். நாற்பதாம் நம்பர் நூலின் லேபிள் அறுபதாம் நம்பர் கோனில் ஏறிவிட்டால், எங்கோ ஒரு தறியில் நெய்த வேட்டியில் பட்டை பட்டையாக விழும். நூலில் குற்றம் இருக்காது, தறியில் குற்றம் இருக்காது. நெய்தவனைத் திட்டுவார்கள். அந்த முகம் தெரியாத நெசவாளியை நினைத்துத்தான் ஒவ்வொரு லேபிளையும் ஒட்டுவேன்.

மில்லில் ஆட்குறைப்பு வந்த பிறகு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில், மலையடிவாரக் காட்டையும் ஓடைகளையும் ஆராய்கிற ஒரு மையத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரை நானாகத் தட்டித் தட்டிப் பழகினேன். அங்கே வருஷக்கணக்கான தகவல்கள் மூட்டையாகக் கிடந்தன. ஒன்றும் உதவாது. ஓடையில் தண்ணீர் ‘மூன்று’ என்று ஒருவர் எழுதியிருப்பார். மூன்று அடியா, மூன்று சாணா? எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். தேதி 4-7 என்று இருக்கும், ஏப்ரலா ஜூலையா தெரியாது. வத்திராயிருப்புக்காரர்கள் ஒரு பெயர் சொல்லும் ஓடைக்கு வ. புதுப்பட்டிக்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். எங்கள் கோப்பில் அது இரண்டு ஓடைகளாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தகவல் எந்த இடத்தில், எந்த நாளில், எதைக்கொண்டு, எந்த அலகில், யாரால் எடுக்கப்பட்டது என்று கூடவே எழுதிவைப்பதை மெட்டாடேட்டா என்கிறார்கள். கோனுக்கு லேபிள் மாதிரிதான். எல்லாருக்கும் ஒரே கட்டங்கள், எல்லாருக்கும் ஒரே சொற்கள் என்று நான் வகுத்துக் கொடுத்தேன். அளவு எடுக்க முடியாத நாளுக்கென்று ஒரு குறியீடும் வைத்தேன். வைத்ததோடு சரி. எங்கள் ஓடைக் கோப்பில் அதை ஒரு தடவைகூடப் போட வேண்டியிருந்ததில்லை. அதற்குக் காரணம் மாரிக்கனி.

அவள் வ. புதுப்பட்டிப் பெண். தினமும் காலையில் மாந்தோப்பைத் தாண்டி ஓடைக்கு ஏறிப்போய், அங்கே நட்டிருக்கும் அளவுப்பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பாள். மேலே போனுக்குச் சிக்னல் கிடையாது. தோப்பு வாசலுக்கு இறங்கி வந்துதான் எனக்குக் குரல் அனுப்புவாள்.

“யக்கா, நேத்தைக்கு மேல நாலு வெரக்கட கூடிருக்கு.”

“வெரக்கடையெல்லாம் வேண்டாம் ஏட்டி, சென்டிமீட்டர்ல சொல்லு.”

“ஒங்க கம்ப்யூட்டருக்கு வெரலே கெடையாதாக்கா? பாவம், எப்பிடித்தான் சோறு திங்குதோ.”

அந்தக் குரல்களில் பலவற்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் கேட்டுப்பாருங்கள். உங்களுக்கும் அவளைப் பிடித்துப்போகும்.

ஆரம்பத்தில் அவள் கரையில் நின்றே பலகையைப் பார்த்துவிடுவாள். நான்தான் அதை மாற்றினேன். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அளவு தவறும். பலகைக்கு நேர் எதிரே, நடு ஓடையில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் நின்று கண்மட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ‘முறை’ என்ற கட்டத்தில் எழுதினேன்.

“கரையில நின்னாலே பளிச்சுன்னு தெரியுதேக்கா. ஒரு பொம்பளயக் கொண்டுபோயி நடு ஓடையில நிறுத்துதீயளே.”

“முறைன்னா முறைதான் மாரி.”

“சரித்தான். தண்ணி என்னய இழுத்துட்டுப் போனா அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருப்பீய.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு ஜோயல் வந்தான். நீர்நாய்களை ஆராய்கிற பையன், நல்ல பிள்ளை. ஓடைக்கரையில், பலகையும் பாறையும் தெரியும்படி ஒரு கேமரா கட்டினான். அசைவு பட்டால் அது தானாகப் படம் எடுக்கும். மரத்து உச்சியில் அதற்கென்று ஏரியல் கட்டியிருந்ததால், எடுத்த படம் அப்போதே என் மேஜைக்கு வந்துவிடும். படத்தில் இருப்பது மானா, மந்தியா, ஒன்றுமில்லாத காலிப் படமா என்று பார்த்து வகை குறிப்பது என் வேலை.

மாரிக்கனி ஒரு நாள் அதைப்பற்றிக் கேட்டாள். “யக்கா, நாங்க குளிக்கது, வெறகு பொறக்குறது எல்லாம் அதுல விழுந்துருமா?”

எனக்கு அவமானமாக இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்றே ஒரு விதி எழுதினேன். மனிதர் விழுந்த படம் எதுவானாலும் ‘மனிதர்’ என்று குறித்து, யாருக்கும் காட்டாமல் உடனே நீக்கிவிட வேண்டும். நீக்கியவர் யார், காரணம் என்ன என்பது மட்டும் பதிவில் இருக்க வேண்டும். விதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்பம் நான் அதுக்கு முன்னால டான்ஸ் ஆடுனாலும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்கு மட்டும் தெரியும்.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சா பரவால்லக்கா.”

இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் மனம்போனபடி நடக்கிறவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அந்த நாள் கார்த்திகையில் வந்தது. வெளிநாட்டில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. உலகமெங்கும் உள்ள ஓடைகளின் நீண்டகாலப் பதிவுகளைச் சேர்க்கிறார்கள். ஒரு நாளும் விடுபடாத வரிசை நம் பக்கத்தில் யாரிடமும் இல்லை. எங்களிடம் இருந்தது. அன்றைய அளவோடு பதினோராவது வருஷம் முழுசாகும், அன்றைக்கே அனுப்பவும் வேண்டும். தொடர்புக்கு உரியவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. மில்லில் லேபிள் ஒட்டியவளின் பெயர் அம்மா.

இங்கே நல்ல வெயில். மலையில் மட்டும் மேகம் இறங்கியிருந்தது. மாரிக்கனியின் குரல் வரவில்லை. போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு முந்தின நாள் அளவோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டு, வழக்கம்போல் அவள் பெயரையும் போட்டு, கோப்பை அனுப்பிவிட்டேன். அவள் அனுப்பாமல் இருந்ததே இல்லை. அவள் அளவு வந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த இடத்தில் நான் செய்தது தவறுதான். மறைக்கவில்லை.

மேலும் கொஞ்ச நேரத்தில் படம் வந்தது.

நடுப்பாறையில் மாரிக்கனி நின்றிருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் தண்ணீர். கேமராவைப் பார்த்து ஒரு கையைத் தூக்கியிருந்தாள். அசைந்தால் படம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும், படம் யாரிடம் வரும் என்றும் தெரியும். விடாமல் கையை ஆட்டியிருக்கிறாள். படங்கள் வந்துகொண்டே இருந்தன.

அவளுக்குப் பக்கத்தில் அளவுப்பலகை தெரிந்தது. மேலே சில கோடுகள் தவிர மற்றதெல்லாம் தண்ணீருக்குள். நான் அனுப்பிய அளவு உண்மையானால், ஓடையில் இறங்கி நடந்தாலும் அவள் முழங்கால்கூட நனைந்திருக்காது.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. ஒரு போன் போதும். வத்திராயிருப்பிலிருந்து கயிறோடு ஆட்கள் ஏறியிருப்பார்கள். போனைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், படத்தைக் காட்ட வேண்டும். படத்தில் அவள் மட்டும் இல்லை, பலகையும் இருக்கிறது. அந்த ஒரு நாள் பொய் என்று தெரிந்தால், மீதி நாட்களை யார் நம்புவார்கள்? பதினோரு வருஷமும் அவள் ஏறி இறங்கிச் சேர்த்தவை. அவள் உழைப்பு அவ்வளவும் குப்பைக்குப் போகும். மலைத்தண்ணீர் சட்டென்று வரும், சட்டென்று வடியும். வடிந்ததும் அவளே இறங்கி வருவாள், உட்காரவைத்துப் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

படங்களை அப்படியே வைத்திருக்க முடியாது. ‘மனிதர்’ என்று குறித்தேன். எண்ணிக்கை ஒன்று. விதிப்படி நீக்கினேன். நீக்கியவர் பாண்டீஸ்வரி, காரணம் மனிதர் என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் பேச்சிமுத்து மையத்துக்கு வந்தார். தென்னை ஏறுகிற மனிதர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

“யக்கா, மாரி நேத்து வீட்டுக்கு வரல. மழைன்னு அவ அம்மா வீட்டுல தங்கிட்டாளாக்கும்னு இருந்துட்டேன். அங்கயும் போவலயாம். நேத்து அளவு வந்துச்சா?”

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். “வந்திருக்கு பாருங்க.”

“அப்பம் தோப்பு வாசலுக்கு எறங்கிட்டா.”

“பதிவு அப்படித்தான் சொல்லுது.”

“நல்லவேள. ஓடையில கால் வைக்க முடியாதபடி தண்ணி போகுதுன்னாவ. நாலு பேரக் கூட்டிக்கிட்டு மேல ஏறலாம்னு வெளிய நிறுத்திட்டு வந்திருக்கேன்.”

அவர் முகம் முதலில் தெளிந்தது. பிறகு, இறங்கியவள் வீட்டுக்கு வராமல் எங்கே போனாள் என்ற யோசனை வந்திருக்க வேண்டும். முகம் வேறு மாதிரி ஆனது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டினேன். திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்தது. மாரிக்கனி பாறையில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கவில்லை. முழங்கால்மேல் தலை சாய்ந்திருந்தது. மனிதர், ஒன்று. குறித்து நீக்கினேன். அதுவரை அவர் சொம்போடு நின்றார்.

“வேலையக் கெடுத்துட்டனாக்கா?”

“இல்ல, நீங்க போய்ட்டு வாங்க.”

வெளியே நின்றவர்களை அனுப்பிவிட்டு, கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் விசாரிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் மலையில் மறுபடியும் மழை. அதன்பிறகு வந்த படங்களில் பாறைமேல் தண்ணீர் ஓடியது, ஏதோ ஒரு கிளை அடித்துப் போனது. அவற்றைக் ‘காலி’ என்று குறித்தேன். காலிப் படங்களை நாங்கள் நீக்குவதில்லை. கேமரா சரியாக வேலை செய்ததற்கு அவைதான் அத்தாட்சி.

மீதி உங்களுக்குத் தெரியும். யாரோடோ போய்விட்டாள் என்று ஊர் பேசியது. சில நாள் கழித்துக் கண்மாய் மதகில் அவள் கிடைத்தாள். பத்திரமாக இறங்கி வந்தவள் தண்ணீருக்குள் எப்படிப் போனாள் என்று கேள்வி வந்தது. சந்தேகப்பட்டுத் தேடி அலைந்த புருஷன் ஒருவர்தான் கண்முன்னால் இருந்தார். நீங்கள் அவரைப் பிடித்ததில் தப்பில்லை அம்மா. பதிவு அப்படி இருந்தது. பதிவைக் கேட்டு வந்த உங்கள் ஏட்டுக்கு நானே அச்செடுத்துக் கொடுத்தேன்.

அவரை உள்ளே வைத்திருந்தபோது நான் வந்து சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி இந்த ஸ்டேஷன் வாசல் வரை வந்தேன். எதிர்த்த கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்திருந்தது, இவ்வளவு சுத்தமான மெட்டாடேட்டாவைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை இன்னொரு தடவை படித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மழை முடிந்து ஜோயல் கேமராவை இறக்கினான். எனக்கு அனுப்பிய படமெல்லாம் அதனுள்ளே ஒரு கார்டிலும் இருக்கும். நான் அதை மறக்கவில்லை, அது என் கை எட்டாத இடம், அவ்வளவுதான். அவன் என் மேஜைக்கு வந்து நின்றான். படங்களைப் பார்த்துவிட்டிருந்தான், கார்டை என் முன்னால் வைத்தான். நீக்கிய படங்களின் பதிவை அவன் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டான்.

பேச்சிமுத்துவை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போகாமல் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறாராம். யாரையாவது அனுப்பி அழைத்துவரச் சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. அவள் உயிரோடு பாறையில் நிற்கிறாள் என்று தெரிந்து, இரண்டு நாளும் யாரிடமும் சொல்லாமல் இருந்தது நான்தான். காப்பாற்றப் புறப்பட்டவரைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் எழுத்தர் தவறாக எழுதிவிடக் கூடாது. அந்த நாளின் வரியில் மாரிக்கனியின் பெயரைப் போட்டது போலிப் பதிவு என்று ஜோயல் சொல்லியிருக்கிறானாம். அவன் சின்னவன், கட்டத்தின் தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை. அளவு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் கேட்டிருப்பது ‘பார்த்தவர்’ யார் என்பதுதான். பலகைக்கு நேர் எதிரே, பாறைமேல் நின்று, முறைப்படி அந்தத் தண்ணீரைப் பார்த்தவள் அவள்தான் அம்மா. வேறு யாரும் பார்க்கவில்லை.