மாத்திரை மாற்றியவன் மேடையில்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புநிறை மருத்துவர் அம்மையார் அவர்களே! முன்வரிசை பெரியோர்களே! சர்க்கரையைச் சுமந்துகொண்டும் சிரிக்கத் தெரிந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் மினுமினுக்கும் என் சகலை அவர்களே! வணக்கம்.

ரத்தக்குழாய்க்குச் சத்து மாத்திரை உதவுமா என்று பார்க்க, அறுபது பேருக்கு அம்மையார் டப்பா கொடுத்தார். பாதிப் பேருக்கு மெய் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது? எவருக்கும் தெரியாது. முடிவை இன்று அறிவிக்குமுன் நன்றி சொல்லவே என்னை அழைத்தார்கள். நன்றி இருக்கட்டும், நான் ஒரு குற்றம் சொல்ல வந்தேன்!

நானும் சகலையும் ஒரே அச்சகம். அவர் இயந்திரம் ஓட்டுபவர், நான் புத்தகம் தைப்பவன். ஒரே அலமாரியில் இருவர் டப்பாவும். ஒரே நோய், ஒரே வயது. ஆனால் அவர் படியேறினால் பாட்டு வரும். நான் ஏறினால் மூச்சு வாங்கும். என் கால் பெருவிரல் மரத்து, செருப்பு கழன்றது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்தவன் நான். பயம் இருக்காதா? பொறாமை வராதா?

ஆறாம் வாரம் சோதனை. கையில் பட்டையை இறுக்கித் தளர்த்தி, குழாய் எவ்வளவு விரிகிறது என்று பார்த்தார்கள். நர்ஸம்மா அவரிடம், "அட, நல்லா விரியுதே!" என்றார். என்னிடம்? "அடுத்தவங்க வாங்க."

வயிறு எரிந்தது, ஐயா! மெய் மாத்திரை அவருக்குத்தான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அவர் கை கழுவப் போனார். டப்பாவில் எண் இருக்கிறது, மாத்திரையில் இல்லையே! அவருடையதை என் டப்பாவில் கொட்டினேன், என்னுடையதை அவர் டப்பாவில் கொட்டினேன்.

சிரிக்காதீர்கள் தம்பி! இன்று வாசலில் ஒரு தாய் கேட்டார்: "முடிவு சொல்லிட்டா நானும் வாங்கிச் சாப்பிடலாமாப்பா?" என் திருட்டும் கலந்த முடிவையா அவர் நம்பி விழுங்குவது? அம்மையீர், எங்கள் இரண்டு எண்களையும் அடித்துவிடுங்கள்! சகலை, என்னை மன்னியுங்கள்!

யாரது எழுவது? சகலையா? சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்!

"அண்ணே... மொத நாளே நான் மாத்திட்டேன். டாக்டரம்மா உங்க டப்பாவ மட்டும் சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்கள்ல, அதுலதான் மெய் மாத்திரைன்னு நெனச்சேன்!"

கேட்டீர்களா? ஆறு வாரம் நான் பார்த்துப் பொருமியது என் மாத்திரையைத்தானா! அது மெய்யோ மாவோ, எங்கள் கதை எதற்கும் சாட்சியாகாது. அம்மையார் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். அடியுங்கள் அம்மா, அழுத்தி அடியுங்கள்! ஐம்பத்தெட்டு பேரின் முடிவைக் கேட்டபின், தாயே, நீங்கள் அம்மையாரிடமே கேளுங்கள். எங்கள் இருவரிடமும் கேட்காதீர்கள்.

மரத்த விரலோடும் மறவாத நன்றியோடும் அனைவரையும் வணங்கி அமர்கிறேன். ஆனாலும் வயிறு இன்னும் எரிகிறது ஐயா! திருட்டிலும் அவரே ஆறு வாரம் முந்திக்கொண்டாரே!