மிதக்கிற வானத்தில் இறங்கியவன்

புர்கி: டிரெய்லர்ல ஏத்தற வரைக்கும் றெக்கை நுனியை நல்லா பிடி. கையைத் தளர விட்டுடாத.

வெண்டலின்: பிடிச்சிருக்கேன். பவேரியாவுலேருந்து டிரெய்லரை இழுத்துட்டு எல்லை தாண்டி வந்திருக்க... ஒரு வார்த்தை திட்டேன்.

புர்கி: திட்டறதுக்கு என்ன இருக்கு? எஞ்சின் இல்லாம காத்துல மிதக்கற சொந்தக் கிளைடர். வண்டி ஓட்டப் பொண்டாட்டி. ஆஸ்திரியாவுல எந்தப் புல்வெளி பிடிக்குதோ அங்க இறங்கிக்கலாம்.

வெண்டலின்: ராத்திரிச் சாப்பாடு என்னோடது. கூட்டிட்டுப் போக வந்தவங்களுக்கு வாங்கித் தரணும்ல, அதான வழக்கம்.

புர்கி: இன்னொரு வழக்கமும் இருக்கு. வயல்ல இறங்கினவனை ஏன் இறங்கினேன்னு கேக்கக் கூடாது.

வெண்டலின்: அது ரொம்ப நல்ல வழக்கம்.

புர்கி: இன்னிக்கி கேக்கப் போறேன். ஏன் இறங்கின?

வெண்டலின்: காத்து தூக்கல.

புர்கி: மேல பாரு.

வெண்டலின்: எதுக்கு இப்ப...

புர்கி: பாருன்னேன். மலை மேல வரிசையா மேகம். வழி முழுக்க இதையேதான் பாத்துட்டு வந்தேன். நானும் பறந்தவதான், வெண்டலின். இந்த வானத்துல நம்ம சாப்பாட்டு மேசையைத் தூக்கிப் போட்டாலும் மிதக்கும்.

வெண்டலின்: சரி... ஒண்ணுக்கு முட்டிடுச்சு.

புர்கி: அதுக்குத்தான் உள்ள பை இருக்கே.

வெண்டலின்: வயசான காலத்துல பையாவது...

புர்கி: சிரிக்காத. வயலுக்காரர் சொல்லிட்டாரு. இறங்கி ரொம்ப நேரம் நீ கண்ணாடி மூடியைத் திறக்கவே இல்லையாம். செத்துட்டன்னு நெனச்சு ஓடி வந்தாராம்.

வெண்டலின்: மொதல்ல இதை ஏத்திடலாம், வா.

புர்கி: றெக்கையைக் கீழ வை.

வெண்டலின்: புல்லு ஈரமா இருக்கு.

புர்கி: வைன்னு சொல்றேன்ல.

வெண்டலின்: ...இன்ஸ்ப்ருக் ஊர் வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. கீழ ஆறு, ரயில் பாதை, எல்லாம் பாத்தேன். அப்புறம் முழிச்சுப் பாத்தா... மூக்குக்கு நேரா பாறை.

புர்கி: முழிச்சுப் பாத்தியா?

வெண்டலின்: நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியல, புர்கி. எப்படியோ திருப்பிட்டேன். கண்ணுல பட்ட மொதல் பச்சையில இறங்கிட்டேன். பயந்துட்டேன்டி. எதை இழுத்தா மூடி திறக்கும்னே ரொம்ப நேரம் ஞாபகம் வரல.

புர்கி: கடவுளே...

வெண்டலின்: நம்ம கிளைடர் கிளப்புல யார்கிட்டயும் சொல்லிடாத. தலைவலிக்கு எடுத்த ஸ்கேன் இருக்குல்ல, திங்கக்கிழமை டாக்டர் முடிவு சொல்லிடுவாரு. ஒண்ணும் இருக்காது. களைப்பா இருக்கும்... ஏன் உக்காந்துட்ட? ஏய், நீ ஏன் அழற? நான்தான் முழுசா வந்துட்டேனே.

புர்கி: டாக்டர் வியாழக்கிழமையே போன் பண்ணிட்டாரு. நீ கடைக்குப் போயிருந்த. இனிமே பறக்கவே கூடாதுன்னாரு. பறந்து இந்த மலையைத் தாண்டணும் தாண்டணும்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தியே... ஒரே ஒரு தடவை போயிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு வாயை மூடிக்கிட்டேன். தெரிஞ்சுக்கிட்டேதான் காலையில கிளைடரை மேல இழுத்துட்டுப் போற கயித்தை உனக்கு மாட்டிவிட்டேன்.