ரேடியேட்டரை மறைத்த பேனர்

மணியைக் கீழே வையுங்கள், செயலாளரே. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது என்று எனக்கும் தெரியும். சின்னக் கதை ஒன்று பாக்கி இருக்கிறது... அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

நம் சங்கத்து வேன் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய டீசல் வண்டி. போன மாசியில் மாநாட்டுக்காக அதில் மலை ஏறினோம். ஓட்டியது டிரைவர் மாதையன். முன்சீட்டில் இதோ, நம் செயலாளர் தேசிங்கு. பின்னால் நான், இன்னும் சிலர். வண்டி முகப்பில் என்ன கட்டியிருந்தோம்? தலைவர் படம் போட்ட பேனர். ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழி முழுக்க மூடிவிட்டது.

கிளம்பும்போதே மாதையன் சொன்னான். "ஐயா, இதைக் கூரை மேல கட்டிக்கலாம். ஏத்தத்துல வண்டி மூச்சு விடணும்."

யார் கேட்டோம்?

பாதி மலையில் ஒரு பெண் நடுரோட்டில் நின்று வண்டியை மறித்தாள். பெயர் வெள்ளச்சி. காப்பித் தோட்டத்தில் வேலை. அவள் புருஷன் பொன்னனைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி இருப்பது மலை மேலே. ஏற்றிக்கொண்டோம்.

ஏற்றம் கூடியது. சூடு காட்டுகிற முள்ளும் கூடவே ஏறியது...

"அண்ணே, முள்ளு சிவப்புக்குப் போகுது. பேனரை அவுக்கணும்," என்றான் மாதையன் செயலாளரிடம்.

"மேல வரவேற்புக்கு ஆளுங்க நிக்கிறாங்கடா! தலைவர் படத்தைக் கழட்டிட்டு மொட்டையாவா போய் நிக்கிறது? ஓட்டு!"

"எஞ்சின் படக்குன்னு நின்னுட்டா இந்த ஆளு கதி?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

காந்தல் வாடை வந்தது. மாதையன் வண்டியை ஓரம் கட்டினான். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

"அணைச்சுத் தொலைடா!"

"அணைச்சா உள்ள தண்ணி ஓட்டம் நின்னுரும்ணே. சூடு அங்கேயே தங்கிரும். சும்மா ஓடட்டும்."

செயலாளர் கேட்டாரா? தண்ணீர் பாட்டிலோடு போய் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். மாதையன் பாய்ந்து பிடித்தான். "திறக்காதீங்க! ஆவி அடிச்சா மூஞ்சி வெந்துரும்!" பிறகு பேனர் கயிற்றைப் பிடித்தான். இப்போது செயலாளர் அவன் கையைப் பிடித்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் இழுபறி... உள்ளே ஒருவன் கண் சொருகிக் கிடக்கிறான்!

வெள்ளச்சி இறங்கினாள். இடுப்பில் செருகியிருந்த கவாத்துக் கத்தியை எடுத்தாள்.

"யாரு மூஞ்சியா இருந்தா எனக்கென்ன? எம் புருசன் மூஞ்சி கறுத்துப்போகுது!"

ஒரே அறுப்பு. தலைவர் தரையில் விழுந்தார்.

காற்று புகுந்தது. ஆனால் முள் உடனே இறங்குமா? அவள் முள்ளைப் பார்க்கிறாள்... புருஷனைப் பார்க்கிறாள்... மறுபடி முள்ளைப் பார்க்கிறாள். முள் அசைந்தது. மெல்ல இறங்கியது. சின்ன கியரில், விரட்டாமல், மாதையன் கொண்டுபோய்ச் சேர்த்தான். பொன்னன் பிழைத்தான்.

மாதையனுக்கு நீங்கள் கொடுத்த மரியாதை என்ன? பேனரைக் கிழித்தவன் என்று வேலையை விட்டு நீக்கினீர்கள். அவன் கிழிக்கவே இல்லை!

எதற்கு இதைச் சொல்கிறேன்? சங்கத்துக்கும் ஒரு முள் உண்டு, ஐயா. என்னைப் போல நாலு பேர் எழுந்து, தப்பு நடக்கிறது என்று கத்துகிறோமே... நாங்கள்தான் அந்த முள். காற்று வரும் வழியை நீங்களே மறைத்துக் கட்டுவீர்கள். சூடு ஏறினால் எங்களைத் திட்டுவீர்கள். எங்களைப் பிடுங்கிப் போட்டால் சூடு தணிந்துவிடுமா?

எல்லோரும் வியர்த்து வழிகிறீர்களே, ஏன்? இந்த மண்டபத்து ஜன்னல்களை எதை வைத்து மறைத்திருக்கிறீர்கள் என்று திரும்பிப் பாருங்கள். அதே முகம்!

முதலில் அவற்றை அவிழுங்கள். பிறகு மாதையனை உள்ளே கூப்பிட்டு வேன் சாவியைக் கையில் கொடுங்கள். வாசலில்தான் நிற்கிறான்.

அதுவரை மணியை அடித்துக்கொண்டே இருங்கள், செயலாளரே. நான் இந்த மைக்கை விடப்போவதில்லை.