அத்தை மகள் கொடுத்த கிட்னி

சரி... எதிர்ப்பு சக்தி, ஏற்பி, நொதின்னு நான் பேசப் பேச, மூணாவது வரிசையில ஒருத்தருக்குத் தலை தொங்குது. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, மத்தியானச் சாப்பாடு அப்படி. பாடத்தை மூடி வச்சிட்டு, உங்களை மாதிரியே கிட்னி மாத்திக்கிட்ட ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன். சின்னக் கதைதான், முழிச்சுக்கோங்க.

சங்கரன்கோவில் பக்கம் மாசிலாமணின்னு ஒருத்தர். மிக்ஸி, கிரைண்டர் விக்கிற கடை வச்சிருக்காரு. ரெண்டு கிட்னியும் போயி, டயாலிசிஸ்ல கிடந்து, கடைசியில அவர் சம்சாரம் வேலம்மா தன் கிட்னியில ஒண்ணைக் குடுத்தாங்க. நல்லா வேலை செஞ்சுது. ஆனா தினம் போடுற மாத்திரையால ஒரு தொந்தரவு... கை நடுங்கும். காபி டம்ளரைத் தூக்கினா பாதி சட்டையில.

இந்த நேரத்துல மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. தாரை வார்க்கிறது தெரியும்ல? அப்பா கையை நீட்டணும். அதுல வெத்தலை, தேங்காய், மகளோட கை... அம்மா அந்தக் கை மேல தண்ணி ஊத்துவாங்க. சபையே அந்தக் கையைத்தான் பார்க்கும். மாசிலாமணிக்குத் தூக்கம் போச்சு. "தேங்காய் ஆடுச்சுன்னா சம்பந்தி வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான், சரியான தண்ணி வண்டின்னு சொல்ல மாட்டானா? என் மக மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்குவா?"

என்ன செஞ்சாரு? வைத்தியம் பார்க்கிற என்கிட்ட வந்து கேட்டாரா? கேட்கலை. பந்தக்கால் நட்ட அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டாரு. வேலம்மாகிட்டயும் மூச்சு விடலை. கூட்டாளி ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. அவரு பயந்து போயி, "ஏல, ஒண்ணும் ஆயிராதால?"ன்னு கேட்டிருக்காரு. அதுக்கு இவரு சொன்ன பதில் இருக்கே... "போலே! எவன் கிட்னியோவா வச்சிருக்கேன்? என் அத்தை மக கிட்னிதாம்ல. சொந்த ரத்தம். இத்தனை வருஷம் உள்ள இருந்து பழகியும் போச்சு. இனிமே அந்நியம்னு நினைக்குமா?"

சிரிக்கிறீங்க. மனுஷங்களுக்கு அவர் சொன்னது சரிதான். டி செல்லுக்கு? ரத்தத்துல காவலுக்குச் சுத்துற வெள்ளணு அது. அதோட மேல்புறத்துல ஏற்பிகள் இருக்குன்னு சொன்னேன்ல? ஒரு ஏற்பி எதிர்ல இருக்கிற செல்லைத் தொட்டுப் பார்க்கும்... "இது அந்நியமா?" பக்கத்துல இன்னொரு ஏற்பி... "இதால ஆபத்து உண்டா?" ரெண்டுக்கும் ஆமான்னு பதில் வந்தாத்தான் சேதி உள்ள போகும். உள்ள நொதிகள், அதான் என்சைம்கள், வரிசையா நிக்குது. பந்தியில சாம்பார் வாளி கைமாறுற மாதிரி, ஒண்ணு அடுத்ததுகிட்ட சேதியைக் குடுக்கும். கடைசியில, "கிளம்பு, தாக்கு"ங்கிற உத்தரவு. அந்த டி செல்லு மாசிலாமணி, வேலம்மா கல்யாணத்துக்கு வந்துச்சா? அதுக்குப் பத்திரிகை வச்சோமா? அத்தை மக, மாமன் மகன்லாம் அதுக்குத் தெரியாது. செல் மேல இருக்கிற அடையாளம் வேறயா? வேற. அவ்வளவுதான்.

அப்போ அந்த மாத்திரை என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு? காவலை ஊரை விட்டுத் துரத்தலை. அந்த வரிசையில நிக்கிற ஒரு நொதியோட கையைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. இவரு நிறுத்தினாரு... பிடி விட்டுப் போச்சு. சேதி ஓட ஆரம்பிச்சிருச்சு.

முகூர்த்த நேரம். மேளம் கொட்டுது. மாசிலாமணி கையை நீட்டுறாரு... தேங்காய் அசையலை. சம்பந்தி திருப்தியா உக்காந்திருக்காரு. மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலம்மா செம்புத் தண்ணியை ஊத்திக்கிட்டே புருஷன் கையைப் பார்த்தாங்க... பார்த்தாங்க... தினம் நடுங்குற கை இன்னைக்கு ஏன் நடுங்கலை?

தாலி ஏறின கையோட அவரை மேடைக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனாங்க.

"மாத்திரையை நிறுத்திட்டியளா?"

"சத்தம் போடாத. ஆளுக இருக்காக."

"நிறுத்திட்டியளான்னு கேக்கேன்."

"நல்லாத்தான இருக்கேன்? மறுவீடு முடியட்டும், அப்புறம் போட்டுக்கிடுதேன்."

"மறுவீட்டை என் அண்ணன் பார்த்துக்கிடுவான். சாமி எனக்கு ரெண்டுதான் குடுத்துச்சு. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. குடுத்ததைக் கெடுத்துட்டு வந்து நின்னா, இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்? கார்ல ஏறுங்க."

அங்க பந்தியில இலை போடுறாங்க... இங்க பட்டு வேட்டியோட மனுஷன் ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காரு. ரத்தத்துல உப்பு, அதான் கிட்னி வடிக்க வேண்டிய கிரியாட்டினின், ஏறியிருந்துச்சு. கிட்னியில ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தோம். டி செல்லுங்க கூட்டம் கூட்டமா இறங்கியிருந்துச்சு. அதுங்களுக்கு வேலம்மா மேல கோபம் கிடையாது, மாசிலாமணி மேல பகை கிடையாது. அதுங்க வேலையைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. நாங்க ஊசி மருந்து போட்டு அடக்கினோம். கிட்னி பிழைச்சுது... முழுசா இல்லை. கொஞ்சம் போனது போனதுதான். கை நடுக்கத்துக்கு அப்புறமா மாத்திரை அளவை மாத்திக் குடுத்தோம், குறைஞ்சிருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்போம்.

இப்ப உங்ககிட்ட வரேன். இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேரு உடம்புக்குள்ள இன்னொருத்தர் கிட்னி ஓடுது. குடுத்தவங்க பக்கத்து நாற்காலியிலேயே இருக்காங்க. கை நடுங்குதா, முடி கொட்டுதா, வயித்தைப் புரட்டுதா... வெக்கப்படாம வந்து சொல்லுங்க, வேற வழி பார்ப்போம். நீங்களா நிறுத்தாதீங்க. "நல்லா இருக்கேனே, மாத்திரை எதுக்கு"ன்னு தோணும். அந்த மாத்திரை உள்ள போறதாலதான் நீங்க நல்லா இருக்கீங்க. உங்க சம்சாரம் மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்னு டி செல்லுக்கு எடுத்துச் சொல்ல முடியுமா? கல்யாண போட்டோவைக் காட்டினா கேக்குமா? கேக்காது. அதுக்குப் புரியுற மாதிரி சொல்ல நம்மகிட்ட இருக்கிறது அந்த மாத்திரை ஒண்ணுதான்... அதை வேளாவேளைக்குப் போட்டுக்கோங்க.