கோலிக்கு ஆளில்லை

இருங்கோ கிருஷ்ணமூர்த்தி அண்ணை, உங்களுக்கெண்டுதான் இந்தக் கதிரையைப் பிடிச்சு வைச்சனான். நான் நிண்டுகொள்ளுறன். இருந்தா எனக்குக் கால் ஆடும். இன்னும் துவங்கேல்லை, செக்ரட்டரி வெம்பிளிப் பக்கம் ட்ரபிக்கில நிக்கிறாராம். ரோல்ஸ் ஒண்டு எடுங்கோவன், சூடா இருக்கு.

ஓம், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான். டிராஃப்ட், டிராஃப்ட் எண்டு கொமிட்டி பெரிசாச் சொல்லுது. ஆரோ கனடா மச்சான் சொல்லிக் குடுத்த சொல்லாம். சின்னனில ஃபுட்போலுக்கு வெட்டைக்குள்ள நிண்டு ஆள் பிரிச்சம் எல்லே, அதுதானே இது? நீ ஒராளை எடு, நான் ஒராளை எடுக்கிறன். எல்லாரும் எடுத்து முடிய மிஞ்சினவன் கோல் காக்க, கோலிக்குப் போவான். அதுக்கு ஒரு அழுகை வேற. இப்ப பாருங்கோ, லண்டன் முழுக்க ஃபோர்வேட் குவிஞ்சு கிடக்கு, கோலிக்குத்தான் ஆளில்லை. ஒவ்வொரு கிளப்பும் பழைய பெடியளில பாதிப் பேரை வைச்சுக்கொள்ளலாம் எண்டு விட்டாங்கள், எல்லாரும் ஆரை வைச்சினம்? கோல் அடிக்கிறவனை. பின்னுக்கு ஒருத்தரும் இல்லை.

நானும்தான். நான் மட்டும் என்ன புத்திசாலியோ. பின்னுக்கு நிக்கிற என்ர லெஃப்ட் பெக் முழங்கால் போய் இருக்கிறான், அவனுக்கு மாத்த ஆளில்லை. கோலி சுவிசுக்குக் கலியாணம் கட்டிப் போயிட்டான்.

ஒரு நிமிசம் அண்ணை, அந்தக் காரைப் பாத்துட்டு வாறன்.

இல்லை, வேற ஆரோ. ஒருத்தரையும் எதிர்பாக்கேல்லை. சும்மா பாத்தனான்.

சரி, சீட்டில உங்களுக்கு முதலாவது விழுந்திருக்கு, எனக்கு ரெண்டாவது. பொறாமையில சொல்லேல்லை. ஆரை எடுக்கப்போறியள்? சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம். ஆனா நான் உங்கட இடத்தில நிண்டா விதுசனைத்தான் எடுப்பன். மனோர் பார்க் பெடியன். பந்து காலில பட்டாப் போதும், ரெண்டு பேரைச் சுத்திப்போட்டுப் போவான். ரெண்டு காலாலையும் அடிப்பான். குடியும் இல்லை. அவனை விட்டிட்டு வேற ஆரையாவது எடுத்தா உங்கட கிளப்பில உங்களுக்குப் பேச்சு விழும், இப்பவே சொல்லிப்போட்டன்.

கோலியோ? முதல் ஆளாயே கோலியை எடுக்கப் போறியளோ? விசரே அண்ணை உங்களுக்கு?

ஓம், ஜெரோம் இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியாதோ? என்ர டொலறஸ் அக்கான்ர மகன். என்ர மருமகன் எண்டபடியாத்தான் உள்ளதைச் சொல்லுறன். அவன்ர கிளப் கலைஞ்சுபோச்செண்டு பேர் குடுத்திருக்கிறான். ஆனா அண்ணை, ஆள் முந்தின மாதிரி இல்லை. உயரப் பந்துக்கு எழும்புறான் இல்லை. பிரக்டிசுக்கு வாறதில்லை. வாய்க்காரன். ரெஃபறியோட கொளுவுவான், உங்களுக்கு ரெட் காட் வாங்கித் தருவான். சொந்தக்காரன் எண்டாலும் எனக்கு உண்மைதான் முக்கியம்.

ம்... போன செமிஃபைனலை நீங்கள் பாத்தனிங்களோ.

ஓம். பிடிச்சவன்தான். அந்தப் பெனல்டியை முகத்தால பிடிச்சவன். ஓம் ஓம், நீங்கள் எழும்பி நிண்டு கை தட்டினதை நான் கண்டனான். நானும் தட்டினனான்.

இந்தப் பையோ? ஒண்டுமில்லை. கிளவுஸ். கோலிக்குப் போடுறது. புதுசுதான், ரெய்னர்ஸ் லேனில வரேக்க வாங்கினனான். ஆருக்கோ? ஆராவது ஒருத்தன் நிக்கத்தானே வேணும். விடுங்கோ அதை.

அண்ணை, ஒரு கதை கதைப்பம். நீங்கள் விதுசனை எடுங்கோ, நான் ஜெரோமை எடுக்கிறன். அதுக்குப் பிறகு, எனக்கு அடுத்த முறை வரேக்க நீங்கள் கை காட்டுறவனை நான் தொடன். உங்களுக்குப் பெக் வேணுமெண்டா என்னட்ட மிஞ்சியிருக்கிற கிருஷாந்தையும் தாறன். நல்ல பெடியன், மதில் மாதிரி நிப்பான். என்ர பின்வரிசை ஏற்கனவே வத்தல்தான், பரவாயில்லை, கொண்டு போங்கோ.

அதுவும் காணாதோ? ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

பந்து பிடிக்கத் தெரியாத கோலிக்கு ஏன் இவ்வளவு விலை பேசுறாய் எண்டு கேக்கிறியள். கேப்பியள்தானே. எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணை, மனிசியும் அதைத்தான் சொல்லுறவ. 

கொஞ்சம் கிட்ட வாங்கோ. இதைக் கொமிட்டியில ஒருத்தரும் கேக்கக் கூடாது. அந்தப் பெனல்டியிலதான் எல்லாம் வந்தது. ரெண்டு கிழமையால கண்ணில கறுப்பா ஏதோ மிதக்குதெண்டான். பிறகு ஒரு பக்கத்தால திரை இழுத்துவிட்ட மாதிரி எண்டான். உள்ளுக்க இருக்கிற சவ்வு கழண்டுபோச்சு. ஒப்பரேசன் செய்து ஒட்டினவை. இன்னொரு அடி பட்டா ஒட்ட ஏலாமல் போகலாம் எண்டு டொக்டர் நேர சொன்னவர். நான்தான் அக்காவுக்குத் தமிழில திருப்பிச் சொன்னனான். அக்கா அங்கயே நிலத்தில இருந்திட்டா.

மற்றக் கண்ணோ? மற்றக் கண் அவனுக்குச் சின்னனிலயே போயிட்டுது அண்ணை. ஊரில ஷெல் விழுந்து சன்னம் பட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும். அவ்வளவு காலமும் ஒற்றைக் கண்ணோடதான் உங்கட பெடியள் அடிச்ச பந்தெல்லாம் பிடிச்சவன். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.

விளையாடாதை எண்டு அவனுக்குச் சொன்னம், ஏன் சொல்லேல்லை? நானும் சொன்னன், அக்கா அழுதும் பாத்திட்டா. தலையை ஆட்டிப்போட்டு எங்களுக்குத் தெரியாமல் இங்க பேர் குடுத்திருக்கிறான். பந்து உருளுற இடத்தில நிக்காட்டி அவனுக்கு நித்திரை வராது. கொமிட்டிட்டச் சொல்லி அவன்ர பேரை வெட்டுவிக்கலாம். ஆனா விடிய முன்னம் கண் கதை கோலியர்ஸ் வுட் வரைக்கும் போயிடும். கலியாணம் பேசுற பெடியன். அதையும் விடுங்கோ. வெட்டினா அவன் எங்கயாவது வெள்ளைக்காரற்ற பப் டீமில போய் நிப்பான், அங்க அவனை ஆர் பாக்கிறது? இங்க எடுபட்டவன் இந்த வருசம் வேற இடத்தில இறங்கக் கூடாதெண்டு சட்டம் போட்டிருக்கினம் எல்லே. அந்த ஒரு சட்டத்துக்காகத்தான் அண்ணை நான் இந்த டிராஃப்டுக்குக் கை உயர்த்தினனான்.

ஓம். வாங்கிலில. சீசன் முழுக்க இறக்காமல் வெளியில வாங்கிலில இருத்திவைப்பன். எனக்குப் பக்கத்தில, கை எட்டுற தூரத்தில. பேசுவான். கிளப்புக்காரரும் பேசுவினம், நல்ல கோலியை இருத்திவைச்சுத் தோக்கிறான் விசரன் எண்டு. பேசட்டும். எனக்குப் பயமா இருக்கண்ணை. ஒரு மாசமா அந்தப் பந்து அவன்ர முகத்துக்கு வாற மாதிரியே தெரியுது, சாப்பிட இருந்தாலும் அதுதான்.

அங்க, செக்ரட்டரி வந்திட்டார். கோட்டையும் கழட்டாமல் மைக்கைப் பிடிக்கிறார் பாருங்கோ.

உங்கட பேர்தான். எழும்புங்கோ.

என்ன, இப்ப போய் அதைக் கேக்கிறியள்? அவன் வாங்கிலில எண்டா என்ர கோலுக்க ஆர் நிக்கிறதோ? அந்தக் கிளவுஸ் எனக்குத்தான் அண்ணை. நாப்பத்தெட்டு வயசு, இடுப்பு வளையாது, உங்கட பெடியள் கேட்டுக் கேட்டு அடிக்கட்டும். ஆள் பிரிச்சு முடிய மிஞ்சினவன்தானே கோலிக்குப் போறது.

போங்கோ, கூப்பிடுறாங்கள்.