எசென்ஸ் போத்தலில் இருந்தது

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை 9.51. பேர்கனிலிருந்து ஒஸ்லோ செல்லும் ரயில் மிர்டால் நிலையத்தில் எதிர் ரயிலுக்காக நின்றது. மலைச்சரிவில் இன்னும் பனி கிடந்தது.

ஐந்தாவது பெட்டியில் இருந்த தக்சனுக்கு மனைவி சாருகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒஸ்லோவில் தமிழ்ப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டி அன்று. மைதானத்து ஓரத்து மேசையில் ஒரு பெரிய கிடாரம், அது நிறைய ரோஸ் நிறச் சர்பத், பக்கத்தில் அடுக்கிய காகிதக் குவளைகள். குவளைகளுக்கு முன்னால் மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று, மூடி கழற்றியபடி. தக்சன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான். மூடியில் அவனே ஆணியால் கீறி வைத்த அடையாளம் தெரிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் பேர்கன் புறப்பட முன் வீட்டுப் பிரிட்ஜில், ஊறுகாய்க்குப் பின்னால் வைத்துவிட்டு வந்த போத்தல். வெளியே ரோஸ் எசென்ஸ் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது எசென்ஸ் இல்லை.

இரண்டு முறை அழைத்தான். மூன்றாம் முறை எடுத்தாள்.

"ஹலோ... சாரு... ஹலோ, கேக்குதோ?... ஓம் ஓம், படம் பாத்தனான்... வடிவா இருக்கு... இல்லை, அதுக்காக எடுக்கேல்லை. அந்தப் போத்தல் எங்கையிருந்து எடுத்தனீர்?... எங்கடை பிரிட்ஜிலையோ... அதை முழுக்க விட்டாச்சோ?... முழுக்க... கழுவியும் விட்டனீரோ. சரி... சரி."

பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த நோர்வே பெண் நிமிர்ந்து, சன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். அது கதைக்கக் கூடாத அமைதிப் பெட்டி. தக்சன் எழுந்து கழிவறைப் பக்கம் போனான்.

"ஒருதருக்கும் குடுக்காதேயும் சாரு... அது திகதி முடிஞ்ச எசென்ஸ்... எனக்குத் தெரியும்... என்ன, வாசிச்சுப் பாத்தனீரோ?... 2027ஓ... அது போத்தலின்ரை திகதியப்பா. உள்ளுக்கு இருக்கிறது வேறை... நான் விசர்க்கதை கதைக்கேல்லை!... சரி, சரி, கோவிக்காதேயும். எனக்காக ஒண்டு செய்யும். அந்தக் கிடாரத்தை அப்பிடியே கவிட்டு ஊத்தும்... நாப்பது லீற்றர் எண்டு தெரியும்... அருள்ராணி அக்கா விடிய எழும்பிச் சீனி கரைச்சவ எண்டும் தெரியும்..."

அருள்ராணி பாடசாலைப் பெற்றோர் குழுவின் தலைவி. சிகரெட்டை விட்ட தகப்பன் என்று போன வருடம் இதே மைதானத்தில் தக்சனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியவர். அதற்கு மூன்று மாதம் முன்பே அவன் வேப் என்ற மின்சிகரெட் பிடிக்கத் தொடங்கியிருந்தான். அதற்கான தண்ணியைத் தானே கலப்பான், அதைச் சூடாக்கும் கம்பியைத் தானே சுற்றுவான். சாருகாவுக்கு ஒன்றும் தெரியாது.

"கடையிலை இருந்து திருப்பி எடுக்கினமாம்... ஓம், செய்தியிலை கிடந்தது... எந்தச் செய்தி எண்டால்... லிங்க் இல்லை சாரு... எல்லாப் போத்தலும் இல்லை, இந்த ஒண்டுதான்... ஒரு போத்தலை மட்டும் ஆர் திருப்பி எடுக்கிறதெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல... அதை விடும். அணிநடை முடிஞ்சுதோ?... கடைசி இல்லத்துப் பிள்ளையள் சுத்தி வருகினமோ... முடிஞ்ச உடனை பிள்ளையள் மேசைக்குத்தான் ஓடி வருவினம் என்ன... யதுர்ஷா எங்கை நிக்கிறாள்?... முன்வரிசையிலையோ."

யதுர்ஷா அவர்களுடைய மகள். ஆறு வயது.

"இன்னும் ஒருதரும் குடிக்கேல்லைத்தானே?... ஆர்?... அருள்ராணி அக்காவோ. எவ்வளவு?... இனிப்புப் பாக்க ஒரு முழுக் குவளையோ குடிக்கிறது!... இல்லையப்பா, நான் அவவைக் குறை சொல்லேல்லை. இப்ப என்ன செய்யிறா?... கதிரையிலை இருந்திட்டாவோ... வேர்க்குதாம்... தலை சுத்துதாம்... வெயிலில்லை சாரு. அது வெயிலில்லை."

எதிர் ரயில் வந்து சேர்ந்துவிட்டதாகவும் இன்னும் ஒரு நிமிடத்தில் புறப்படுவதாகவும் ஒலிபெருக்கி சொன்னது. அடுத்து வருவது நீண்ட சுரங்கம். வாராவாரம் வந்து போகும் வழி அது. அந்தச் சுரங்கத்துக்குள் அவனுடைய லைன் ஒருநாளும் அறுபடாமல் இருந்ததில்லை. தக்சன் கதவுப் பொத்தானை அமுக்கி மேடையில் இறங்கினான். பை மேல்தட்டில் கிடந்தது. கம்பளி பின்னிய பெண் ஓடிவந்து கதவு மூடமுன் அவனுடைய ஜாக்கெட்டை மட்டும் கையில் திணித்தாள்.

"ஹலோ... இல்லை, நிக்கிறன். இறங்கிட்டன்... ரெயினாலை இறங்கிட்டன்... போகட்டும், லைன் அறுந்திடும் எண்டுதான். சாரு, நான் சொல்லுறதைக் கேளும், இடையிலை கதைக்காதேயும். அது எசென்ஸ் இல்லை... அது நிக்கொட்டின்... வேப்புக்கு விடுற தண்ணி... வாய்க்குள்ளை வைக்கிற ஸ்னூஸ் புகையிலை இல்லை, வேப், புகை வாறது... ரோஸ் மணக்கும்தான். நான் ரோஸ் போட்டுக் கலந்தபடியால் மணக்குது... ஓம், நான். வீட்டிலைதான்... எசென்ஸ் போத்தல் வெறுமையாக் கிடந்தது. மண்ணிறம், வெளிச்சம் உள்ளுக்குப் போகாது எண்டு... ஓம்... ஓம். பதினைஞ்சு மாசம்... ஓம், பொன்னாடை போத்தேக்கையும்."

கைபேசியில் மைதானத்து மேள வாத்தியம் மட்டும் கேட்டது. ரயில் அவனைத் தாண்டிப் போய்ச் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

"சாரு?... நிக்கிறீரோ?... ஓம், அந்தச் சிரிஞ்சும் நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து குடுக்கிறது. அளந்து விட வசதி எண்டு... பேந்து கதைப்பம்... ஓம், புருவம் பிடுங்கிறதும் நான்தான் எடுத்தனான், கம்பி பிடிக்க... திரிப் பஞ்சும்... சாமியறையிலை எலி எண்டு நான் சொன்னது பொய். எலியில்லை... நகைத் தராசு என்ரை ஆணி, சுத்தியல் வைக்கிற ரூல்ஸ் பெட்டிக்கை கிடக்கு. ஐயோ சாரு, வீட்டுச் சாமான் ஒவ்வொண்டுக்கும் நான் வந்து பதில் சொல்லுறன், காலிலை விழுறன், இப்ப ஊத்தும்!... ஊத்தினால் சனம் என்ன கேக்கும் எண்டோ யோசிக்கிறீர்? சின்னப் பிள்ளையளுக்கு உதிலை ஒரு குவளை காணும்!... என்னத்துக்குக் காணும் எண்டோ..."

மேடையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டு விலகி நின்றார்கள்.

"ஹலோ... சாரு... ஹலோ? போனை மேசையிலை வைச்சிட்டுப் போயிட்டீரோ? ஆராவது நிக்கிறியளோ? ஹலோ! ஹலோ!... ஆர்?... அக்கா. அக்கா, நான் தக்சன்... இல்லை, நான் நல்லா இருக்கிறன். உங்களுக்கு வயித்தைப் பிரட்டுதோ?... ஒருக்காச் சத்தி எடுத்திட்டியளோ... பிறசர் இல்லை அக்கா. நான் செய்த வேலை... சர்பத்துக்கை நஞ்சு கிடக்கு, நான் வைச்ச போத்தல்... ஓம், நான். இப்ப என்னை ஏசாதேங்கோ, பேந்து செருப்பாலை அடியுங்கோ. சாரு எங்கை?... பிள்ளையை மறிக்க ஓடிட்டாவோ. அப்ப கிடாரத்தோடை ஆர் நிக்கினம்?... ஒருதருமில்லையோ... வாத்தியம் நிண்டிட்டுது அக்கா, அணிநடை முடிஞ்சுது, எனக்குக் கேக்குது! உங்களுக்கு எழும்ப ஏலுமோ?... ஏலாட்டி இருந்தபடி காலாலை உதையுங்கோ! மேசையை உதையுங்கோ! உதை..."

தகரம் உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு பல குரல்கள் ஒன்றாக, கைபேசி புல்லில் விழுந்த சத்தம், யாரோ எடுக்கும் சத்தம்.

"ஹலோ... சாருவோ... விழுந்திட்டுதோ? முழுக்கவோ?... ஓம், அம்புலன்சுக்கு நூற்றிப் பதின்மூண்டு அடியும், அக்காவைச் சரிச்சுப் படுக்க வையும். நிக்கொட்டின் எண்டு சொல்லும், மறைக்காதேயும்... மைக்கிலையும் சொல்லும். வேறை ஆரும் வாயிலை வைச்சிருந்தால் வரச் சொல்லும்... என்ரை பேரையும் சொல்லும். சொன்னால்தான் நம்புவினம்... அது ஆர் அழுகிறது?... எங்கடை பிள்ளையோ? ஏன் அழுகிறாள்? சாரு, அவள் குடிச்சவளோ? சாரு, குடிச்ச... ஹலோ? ஹலோ?"

சாருகா அழைப்பைத் துண்டித்திருந்தாள். அவசர உதவிக்கு அழைக்க அவளிடம் அந்த ஒரு கைபேசிதான் இருந்தது. நேரம் 10.04. தக்சன் அதற்குப் பிறகு பத்தொன்பது முறை அழைத்தான். யாரும் எடுக்கவில்லை.

அருள்ராணி மாலைவரை மருத்துவமனையில் வைக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைகள் எவரும் குடிக்கவில்லை. காரணமும் பெயரும் ஒலிபெருக்கியில் தமிழிலும் நோர்வே மொழியிலும் சொல்லப்பட்டன. தக்சன் அடுத்த ரயிலில் மாலை ஒஸ்லோ வந்து சேர்ந்தான். மைதானத்தில் காலையிலேயே பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. ஐம்பது மீற்றர் ஓட்டம் முக்கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியது. யதுர்ஷா ஐந்தாவதாக வந்தாள்.