வடக்குக் காலுக்கு ரெண்டு கல்

றாபியா: …இல்ல, நான் கேக்கன். கருவாட்டு மேசைக்கு வடக்குக் கால் ரெண்டுக்கும் என்னத்துக்குக் கல்லு? எடுக்கட்டா?

றஸாக்: கை வெக்காத புள்ள! மேசை தெற்கால சரிஞ்சி நிக்கணும். அப்பதான் வெயில் முகத்துல படும்.

றாபியா: மாப்பிள்ளை எல்லாம் பொஞ்சாதி ஊட்டுக்குப் பெட்டியோட வருவாங்க. எனக்குப் போன மாசம் வந்தவர் ரெண்டு சீமெந்துக் கல்லோட வந்தார்!

றஸாக்: மேசையும் வந்திச்சே…

றாபியா: இந்தச் சரிவு மார்கழிக்குச் சரி. இப்ப ஆனி. உச்சிப்பொழுது லுஹருக்குப் பாங்கு சொல்லக்குள்ள கிணத்தடித் தூணுட நிழல் எந்தப் பக்கம் விழுது?

றஸாக்: …தெற்கால.

றாபியா: அப்ப சூரியன்?

றஸாக்: வடக்கால. சரி, சரி! ஒரே சூரியன்தானே, எங்க நிண்டா என்ன?

றாபியா: ஒரு உருண்டை ரொட்டி மாவை அகலமாத் தட்டினா?

றஸாக்: மெல்லிசாப் போகும்.

றாபியா: வெயிலும் அப்படித்தான். நேரா விழுந்தா தடிப்பு. சரிஞ்சி விழுந்தா பரந்து மெல்லிசாப் போயிரும்.

றஸாக்: அதான் காலை வெயில் சுடாதா?

றாபியா: இன்னொண்டும் இரிக்கி. சரிஞ்சி வாற வெயில் காத்து, தூசி, கடல் ஈரம் எல்லாத்துக்குள்ளாலயும் நீளத்துக்கு வரணும். நீங்க பள்ளில தொழுகை முடிஞ்சி கடைத்தெருவால சுத்தி, ஆள் ஆளா நிண்டு கதைச்சிட்டு வாற மாதிரி. ஊட்ட வந்து சேரக்குள்ள உங்கள்ள என்ன மிச்சம் கிடக்கு?

றஸாக்: ஹா ஹா! உச்சி வெயில் குறுக்கு ஒழுங்கையால வந்திருமாக்கும்!

றாபியா: ஓம். விளங்கிட்டில்ல? கல்லை எடுக்கன்.

றஸாக்: நில்லு! இந்தச் சரிவுலதானே இவ்வளவு நாளும் கருவாடு கலகலண்டு காயுது? சண்டை முடிஞ்சி, லொறியை மறிக்கிற ஆமிச் சென்றியும் இல்ல. நாளைக்கு நம்மட கருவாடு கண்டி வரைக்கும் போகப் போகுது. காயாட்டி எவன் வாங்குவான்?

றாபியா: …காயுதுதான்.

றஸாக்: ஏன் சிரிக்கிறாய்?

றாபியா: முதல்ல நீங்க சொல்லுங்க. அந்தக் கல்லுல ஏன் உங்களுக்கு இந்த உசிரு?

றஸாக்: …மௌத்தான என்ட முதல் பொஞ்சாதி ஹாஜறா வெச்ச கல்லு. சுனாமி அண்டைக்கிக் காலைல. "வெயில் சரிஞ்சி கிடக்கு, மேசையைத் தூக்குங்க" எண்டா. நான் தூக்கினன், அவ வெச்சா. நான் சந்தைக்குப் போயிட்டன். திரும்பி வரக்குள்ள அவவும் இல்ல, ஊடும் இல்ல… மணலுக்குள்ள இந்த ரெண்டும்தான் கிடந்திச்சி. மேசை பிறகு நான் அடிச்சது. உனக்கு மனசு நோகுதா?

றாபியா: இல்ல. ஆனா நான் ஒண்டு சொன்னா கோவிக்கப்படாது.

றஸாக்: சொல்லு.

றாபியா: நீங்க லுஹருக்குப் போன கையோட பக்கத்து ஊட்டுப் பஸ்லியா மேசையைத் தூக்குவா, நான் கல்லை எடுப்பன். உங்கட கடைத்தெருச் சலாமெல்லாம் முடிஞ்சி வாறத்துக்கு முன்னுக்குத் திரும்ப வெச்சிருவம். நிக்காஹ் முடிஞ்ச மறுநாளிலேந்து ஒவ்வொரு நாளும்!

றஸாக்: அடி கள்ளி! அப்ப என்ட சரிவுல ஒரு மீனும் காயல்லயா? …சரி, பிறகேன் திரும்ப வெச்ச?

றாபியா: நீங்க வந்து அந்தக் கல்லைத் தடவிப் பாக்கிறதைக் கண்ட நான். இனி உள்ளுக்குப் பத்திரமா வெப்பம். மார்கழிக்கு நீங்க மேசையைத் தூக்குங்க, நான் வெக்கன். அப்ப வெயில் தெற்காலதான் வரும்.